ஜூலி லண்டனா, பெக்கி லீயா, ஹெலன் மெரிலா: கிறக்கமான குரல் ஜாஸுக்கு முதல் ஆல்பம் எது?

"ஜாஸ்ல ஹஸ்கி வாய்ஸ்ல, காதுகிட்ட வந்து பாடுற மாதிரி பாடுவாங்களே, அதுல ஒரு நல்ல ஆல்பம் சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுப்பாங்க, ஆனா எந்த லிஸ்ட்ட எடுத்தாலும் மூணு ஆல்பம் கண்டிப்பா இருக்கும். ஜூலி லண்டனோட 'ஜூலி இஸ் ஹர் நேம்', பெக்கி லீயோட 'பிளாக் காஃபி', அப்புறம் ஹெலன் மெரில் தன் பேர்லயே போட்ட முதல் ஆல்பம். மூணுமே 1953லேருந்து 1956க்குள்ள அமெரிக்காவுல ரெக்கார்ட் ஆனது, மூணுமே மெதுவான குரல், மூணுமே ராத்திரி கேக்குற பாட்டு. அதனாலதான் குழப்பம். எதுல ஆரம்பிச்சாலும் ஒண்ணுதானேன்னு தோணும்.

ஒண்ணு இல்ல. என்னோட கட்சி என்னன்னா, பாடகியோட பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, பின்னாடி யாரு வாசிக்கிறாங்க, எத்தனை பேரு வாசிக்கிறாங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. ஏன்னா இந்த மூணு பேருமே தொண்டைய தொறந்து பாடுறவங்க கிடையாது, மைக்க நம்பி அடக்கிப் பாடுறவங்க, அப்படி அடக்கிப் பாடுற குரலுக்கு வாத்தியங்க விட்டுக்கொடுக்குற இடம்தான் இடம். ஒரு கிதார் இருந்தா குரல் ஒரு மாதிரி கேக்கும், ஒரு ட்ரம்பெட் வந்து நின்னா அதே மாதிரி குரல் வேற ஆளாயிடும்.

எத வச்சு எடை போடுறது

முதல் விஷயம் மேல சொன்னதுதான், கூட எத்தனை வாத்தியம். ரெண்டாவது, வார்த்தை எவ்ளோ தெளிவா விழுது. இங்கிலீஷ் பாட்டுன்னாலே பாதி வார்த்தை புரியாம தலையாட்டி பழகின நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, இந்தப் பாட்டுங்க எல்லாமே யாரோ யார்கிட்டயோ பேசுற பேச்சு, அது புரியலன்னா வெறும் மெதுவான மியூசிக்கா போயிடும். மூணாவது, பாட்டோட நீளம். குரலுக்காக மட்டும் வந்தவங்களுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் சோலோ, அதாவது பாட்டு நின்னு வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கிறது, வந்தா கை தானா அடுத்த பாட்டுக்கு போகும். நாலாவது, எதுல கேக்கப்போறீங்க, போன் ஸ்பீக்கரா, ஹெட்போனா, வீட்ல நல்ல செட்டப் இருக்கா. அஞ்சாவது, எந்தப் பதிப்பு கைக்கு வருது. காசு வீணாகுறது பெரும்பாலும் இந்த அஞ்சாவதுலதான், அத கடைசியில பாக்கலாம்.

ஜூலி லண்டன், 'ஜூலி இஸ் ஹர் நேம்' (1955, லிபர்ட்டி கம்பெனி)

இதுல மொத்தமே மூணு பேருதான். ஜூலி, கிதார்ல பார்னி கெஸ்ஸல், பாஸ்ல ரே லெதர்வுட். டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது. 1955ல பெரிய ஆர்க்கெஸ்ட்ராவ வச்சுப் பாட்டு விக்கிற காலத்துல, அதுவும் சினிமாவுல நடிச்சிட்டிருந்த ஒருத்தரோட முதல் ஆல்பத்த இப்படி ரெண்டே வாத்தியத்த வச்சு எடுத்தது தைரியம்தான். தயாரிப்பு பாபி ட்ரூப், 'ரூட் 66'ங்கிற பாட்ட எழுதினவர், பின்னாடி 1959ல ஜூலியவே கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

ஜூலியோட குரல் பத்தி அவங்களே லைஃப் பத்திரிகையில 1957ல சொன்னதுதான் சரியான விமர்சனம். தன் குரல் ஒரு அங்குஸ்தான் (தைக்கிறப்ப விரல்ல மாட்டுற சின்ன குப்பி) அளவுதான், மைக்குக்கு பக்கத்துல போய்த்தான் பாடியாகணும், புகை ஏறிப்போன குரல், அதனால தானாவே நெருக்கமா கேக்குதுங்கிற மாதிரி சொல்லியிருக்காங்க. பெருமையும் இல்ல, தன்னடக்கமும் இல்ல, உள்ளத உள்ளபடி சொன்னது. கவர்ல தோள் தெரியுற போட்டோவ போட்டு வித்ததால இவங்கள பாடகியாவே மதிக்காத ஆளுங்க அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு, அவங்க பேச்ச கேக்காதீங்க.

முதல் பாட்டு 'க்ரை மீ எ ரிவர்'. எழுதினவர் ஆர்தர் ஹாமில்டன், ஜூலியோட ஸ்கூல்ல படிச்சவர். ஜூலியோட முன்னாள் கணவர் ஜாக் வெப் எடுத்த ஒரு படத்துல ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடுறதுக்காக எழுதின பாட்டு இது, படத்துலேருந்து தூக்கிட்டாங்க, அது அப்படியே ஜூலிகிட்ட வந்து அமெரிக்க சார்ட்ல 9வது இடம் வரைக்கும் போச்சு. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1961ல தனியா ரெக்கார்ட் பண்ணாங்க, குரல் வளத்துல ரெண்டுக்கும் ஒப்பீடே கிடையாது, ஃபிட்ஸ்ஜெரால்ட் எங்கயோ இருக்காங்க, ஆனா அந்தப் பாட்டு என்ன? என்னை விட்டுட்டுப் போனவன் இப்ப திரும்பி வந்து ராத்திரியெல்லாம் அழுதேங்கிறான், நான் உனக்காக ஆறா அழுதாச்சு, இப்ப நீ அழுங்கிறது. இத சத்தமா பாடினா சண்டையாயிடும். ஜூலி இத கோவமே இல்லாம, குரல ஏத்தாம, கிட்டத்தட்ட அலட்சியமா பாடுறாங்க, அதுதான் குத்துது. இத ஒருதடவ ஹெட்போன்ல கேளுங்க, ஒவ்வொரு வரி முடியுறப்பவும் மூச்சு விடுற சத்தம் வரைக்கும் விழும், அந்த இடைவெளியில கெஸ்ஸல் ரெண்டு மூணு சுரத்த சேத்து ஒரு தடவ மீட்டிட்டு ஒதுங்கிடுவார். டிரம்ஸ் இல்லாததால அவங்க வரிய இழுத்தாலும் நிறுத்தினாலும் கட்டிப்போட ஆள் இல்ல, அந்த சுதந்திரம் ஆல்பம் பூரா கேக்கும்.

வார்த்தைத் தெளிவுல இந்த மூணுல இதுதான் முதல். 13 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம், எதுவும் நீளாது.

மறைஞ்சிருக்குற செலவு என்னன்னா, ரெண்டு இருக்கு. ஒண்ணு, 13 பாட்டும் ஒரே துணியில வெட்டின சட்டை, ரெண்டாவது பக்கம் பாதி போறப்ப எந்தப் பாட்டு முடிஞ்சு எது ஆரம்பிச்சுதுன்னே தெரியாது. இது குறைதான், ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு, போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாஸ் காணாமப் போயிடும், மூணு பேர்ல ஒருத்தர் காலி, மிச்சம் இருக்குறது ஒரு குரலும் ஒரு கிதாரும் மட்டும், "என்னப்பா இது ஒண்ணுமே இல்ல"ன்னு தோணத்தான் செய்யும். இருபது பேர் ஆர்க்கெஸ்ட்ராவ போன்ல கேட்டா கூட ஏதோ மிஞ்சும், இதுல மிஞ்சாது.

பெக்கி லீ, 'பிளாக் காஃபி' (1953ம் 1956ம், டெக்கா)

மூணுல நல்ல நடிகை யாருன்னா சினிமாவுல இருந்த ஜூலி இல்ல, பெக்கி லீதான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆளா மாறுவாங்க. டைட்டில் பாட்டுல ராத்திரி ஒரு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் அறைக்குள்ள நடந்துக்கிட்டு, கதவ பாத்துக்கிட்டு, நடுநடுவுல கடுங்காப்பி குடிச்சிக்கிட்டு இருக்குற பொம்பள, வராதவனுக்காக. குரல்ல தூக்கக் கலக்கமும் எரிச்சலும் சேந்தே இருக்கும். ட்ரம்பெட்ல பீட் கண்டோலி ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் சொல்வார், அது ஆறுதலா கிண்டலான்னு சொல்ல முடியாது. (காண்ட்ராக்ட் காரணமோ என்னவோ, ஆல்பத்துல அவர் பேரு 'கூட்டி செஸ்டர்ஃபீல்ட்'னு போட்டிருக்கும், தேடி அலையாதீங்க, ரெண்டும் ஒரே ஆள்.) பியானோ ஜிம்மி ரௌல்ஸ், பாஸ் மேக்ஸ் வேன், டிரம்ஸ் எட் ஷாக்னஸி.

பெக்கி லீ இப்படி அடக்கிப் பாட ஆரம்பிச்சதுக்கு அவங்களே சொல்ற கதை ஒண்ணு உண்டு. சின்ன வயசுல பாம் ஸ்பிரிங்ஸ்ல ஒரு கிளப்ல பாடுறப்ப கூட்டம் ஒரே சத்தம், அவங்க கத்திப் பாடி ஜெயிக்கப் பாக்காம சத்தத்த கொறைச்சாங்களாம், கூட்டம் என்ன பாடுறாங்கன்னு கேக்க தானா அமைதியாச்சாம். கதை எவ்ளோ தூரம் மெருகேறி வந்துச்சோ, ஆனா 'பிளாக் காஃபி'ய கேட்டா அந்த டெக்னிக் என்னன்னு தெரிஞ்சிடும்.

இங்க வேகம் மாறிக்கிட்டே இருக்கும், அது பெரிய பிளஸ். 'மை ஹார்ட் பிலாங்ஸ் டு டாடி', 'லவ் மீ ஆர் லீவ் மீ' எல்லாம் நல்லா ஓடுற பாட்டு, அதனால ஜூலியோட ஆல்பத்துல வர்ற சலிப்பு இங்க வராது. டிரம்ஸும் ட்ரம்பெட்டும் இருக்குறதால சுமாரான ஸ்பீக்கர்லயும் தாக்குப்பிடிக்கும். கார்ல போறப்ப கேக்குறவங்களுக்கு மூணுல இதுதான்.

ஆனா ஒரு தையல் இருக்கு, அது தெரிஞ்சிக்கிட்டு கேக்கணும். 1953ல நியூயார்க்ல எடுத்தது 10 இஞ்ச் தட்டு, 8 பாட்டுதான். அப்புறம் 12 இஞ்ச் தட்டு வழக்கமானதும் 1956ல லாஸ் ஏஞ்சலஸ்ல இன்னும் 4 பாட்டு எடுத்து ஒட்டினாங்க, வேற ஆளுங்கள வச்சு, ட்ரம்பெட் போய் ஹார்ப்பும் வைப்ரஃபோனும் வந்துச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு பாட்டுதான் அந்த ஒட்டு. 'யூ ஆர் மை த்ரில்'ல ஸ்டெல்லா கஸ்டலூச்சியோட ஹார்ப் வர்றப்ப திடீர்னு வேற வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். தனியா எடுத்தா அதுவும் அருமையான பாட்டு, ஆனா மூட் உடையுது. எனக்கு கேட்டா முதல் தடவ அந்த 8 பாட்ட மட்டும் பிளேலிஸ்ட்டா போட்டுக் கேளுங்கம்பேன்.

இன்னொண்ணு, 'ஃபீவர்' இதுல இல்ல. அது 1958, வேற கம்பெனி. அந்தப் பாட்டுக்காக இந்த ஆல்பத்த வாங்கிட்டு முழிக்கிறவங்க நெறைய.

ஹெலன் மெரில், 'ஹெலன் மெரில்' (1954 டிசம்பர் ரெக்கார்டிங், எம்ஆர்சி)

நியூயார்க்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாட்கள்ல எடுத்தது. அரேஞ்ச்மென்ட் குயின்சி ஜோன்ஸ், அப்ப அவருக்கு வயசு 21. ட்ரம்பெட் கிளிஃபோர்ட் பிரவுன், 24. ஹெலன் மெரிலும் இருபதுகள்லதான். இந்த வயசுல இவ்ளோ நிதானம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒவ்வொரு தடவயும் தோணும்.

இங்க கணக்கு மாறுது. மொத்தமே 7 பாட்டு, ஆனா ஜூலியோட 13 பாட்டு எடுக்குற அதே அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. அப்ப மிச்ச நேரம் யாருக்கு? பிரவுனுக்கு, பியானோ ஜிம்மி ஜோன்ஸுக்கு, பாஸும் செல்லோவும் வாசிக்கிற ஆஸ்கர் பெட்டிஃபோர்டுக்கு. 'யூட் பி ஸோ நைஸ் டு கம் ஹோம் டு' எடுத்துக்கோங்க, ஹெலன் ஒரு சுத்து பாடிட்டு விலகிடுவாங்க, பிரவுன் வந்து வாசிப்பார், அவர் வாசிக்கிறது துள்ளலா, பளிச்சுன்னு, ஒவ்வொரு சுரமும் உருண்டையா விழும். அப்புறம் ஹெலன் திரும்பி வர்றப்ப முன்னாடி பாடின அதே வரிதான், ஆனா ட்ரம்பெட்ட கேட்டுட்டு வந்ததால அந்த மூச்சுக்குரல் இன்னும் பக்கத்துல வந்த மாதிரி இருக்கும். வெளிச்சத்துலேருந்து இருட்டுக்கு வர்றப்ப கண்ணுக்கு ஆகுமே, அது காதுக்கு ஆகுது. என்னைக் கேட்டா மூணு ஆல்பத்துலயும் சேத்து பெரிய சந்தோஷம் இந்த ஒரு பாட்டுதான்.

முதல் பாட்டு 'டோன்ட் எக்ஸ்ப்ளெய்ன்', ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, ஆர்தர் ஹெர்சாக் கூட சேந்து எழுதினது. சட்டையில லிப்ஸ்டிக் கறையோட வந்து நிக்கிற புருஷன்கிட்ட, விளக்கம் சொல்லாத, நீ வந்துட்டல்ல அது போதும்னு சொல்ற பாட்டு. பில்லி பாடினா காயம் தெரியும். ஹெலன் பாடினா அவங்க அவனைப் பாக்காம வேற எங்கயோ பாத்துக்கிட்டு சொல்ற மாதிரி இருக்கும். ஜப்பான்ல இவங்களுக்கு 'நியூயார்க்கின் பெருமூச்சு'ன்னு பட்டப்பேரு, அங்க இவங்களுக்கு இருக்குற ரசிகர் பட்டாளமே தனி, கொஞ்ச வருஷம் அங்கயே குடியும் இருந்தாங்க.

மைனஸ் என்னன்னா வார்த்தைத் தெளிவு. மூச்சே பாதிக் குரலா இருக்குறதால வரியோட கடைசி சில சமயம் கரைஞ்சுபோயிடும், முதல் தடவ லிரிக்ஸ் பக்கத்துல வச்சுக்கறது நல்லது. சோலோ பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஒத்துவராது. மறைஞ்ச செலவு? கிளிஃபோர்ட் பிரவுன்தான். இத கேட்டுட்டு அவரோட மத்த ரெக்கார்ட தேடிப் போகாம இருக்க முடியாது. இது எடுத்து ஒன்றரை வருஷத்துல, 1956 ஜூன்ல கார் விபத்துல போயிட்டார், 25 வயசு. இருக்குற கொஞ்சத்த முழுசா கேட்டே தீரணும்னு வெறி வந்துடும்.

ஒரே பாட்டு, ரெண்டு பேரு

முடிவெடுக்க முடியலன்னா ஒரு சுலபமான சோதனை இருக்கு. கெர்ஷ்வின் சகோதரர்களோட ''ஸ் வண்டர்ஃபுல்' ஜூலி ஆல்பத்துலயும் இருக்கு, ஹெலன் ஆல்பத்துலயும் கடைசிப் பாட்டா இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்து போடுங்க. ஜூலியோடதுல கவனம் அவங்கள விட்டு நகராது. ஹெலனோடதுல பாட்டு பாதியில கை மாறும், நீங்களும் கூடவே மாறிப் போவீங்க. எது பிடிச்சுதோ அந்த ஆல்பத்த எடுங்க. ரெண்டுமே அரைமனசா இருந்தா பெக்கி லீ.

| | ஜூலி லண்டன் | பெக்கி லீ | ஹெலன் மெரில் |
|---|---|---|---|
| கூட வாசிக்கிறவங்க | கிதார், பாஸ் | ட்ரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ் (கூடுதல் 4 பாட்டுல ஹார்ப் செட்) | ட்ரம்பெட்டோட சின்ன ஜாஸ் குழு |
| பாட்டு | 13 | 8 + 4 | 7 |
| வார்த்தை | ரொம்பத் தெளிவு | தெளிவு | அங்கங்க கரையும் |
| போன் ஸ்பீக்கர் | வேண்டாம் | ஓரளவு ஓகே | சுமார் |
| எப்ப கேக்க | ராத்திரி, தனியா, ஹெட்போன் | கார், சமையல், எப்ப வேணா | உக்காந்து, வேற வேலை இல்லாம |
| சலிப்பு ஆபத்து | ரெண்டாவது பாதி | ஒட்டுன பாட்டுங்க | சோலோ பிடிக்காதவங்களுக்கு |

காசு போற இடம்

ஸ்ட்ரீமிங்ல மூணுமே கிடைக்கும், பிரச்சன என்னன்னா ஒவ்வொண்ணும் பல வேஷத்துல கிடைக்கும். ஐரோப்பாவுல அந்தக் காலத்து ரெக்கார்டிங்குக்கு 50 வருஷம்தான் உரிமை, அப்புறம் சட்டத்த மாத்தி 70 ஆக்கினாலும் 1963க்கு முன்னாடி வெளியானதுக்கு அது பொருந்தாது. அதனால யாரு வேணா இந்த ஆல்பத்த எல்லாம் வெளியிடலாம், வெளியிடுறாங்க. கவர் மாத்தி, பாட்டு வரிசைய மாத்தி, ரெண்டு ஆல்பத்த ஒண்ணா கோத்து, சத்தத்த ஏத்தி, இரைச்சல் எடுக்குறேன்னு மூச்சுச் சத்தத்தையும் சேத்து எடுத்து. இந்த மாதிரி குரலுக்கு மூச்சு போச்சுன்னா எல்லாம் போச்சு. பாட்டு எண்ணிக்கை மேல சொன்ன கணக்கோட ஒத்துப்போகுதான்னு மொதல்ல பாருங்க, ஹெலன் மெரில் ஆல்பம்னு சொல்லி 20 பாட்டு இருந்தா அது வேற ஏதோ.

எல்பி வாங்குறவங்களுக்கும் இதே கதைதான், கனமான தட்டு, பளபள கவர், விலை கம்மி, ஆனா உள்ள இருக்குறது ஒரு சிடியிலேருந்து எடுத்ததா இருக்கலாம். மாஸ்டர் டேப்லேருந்து, அதாவது ஸ்டுடியோவோட மூல டேப்லேருந்து எடுத்ததுன்னு வெளிப்படையா போட்டிருந்தா மட்டும் கூடக் காசு கொடுங்க, இல்லன்னா ஸ்ட்ரீமிங்கே போதும். இம்போர்ட் தட்டுக்கு கப்பல் செலவும் கஸ்டம்ஸும் சேந்தா தட்டோட விலைய தாண்டிடும், அத முதல்லயே கணக்குல வைங்க.

அப்புறம் ஸ்டீரியோ. மூணுமே மோனோ ரெக்கார்டிங், அதாவது இடது வலதுன்னு பிரிக்காம ஒரே சேனல்ல எடுத்தது. ஸ்டீரியோ மோகம் வந்தப்ப கம்பெனிங்க பழைய மோனோவ எலக்ட்ரானிக்கா ரெண்டு பக்கமும் பிரிச்சு "ஸ்டீரியோ"ன்னு வித்தாங்க, பழைய தட்டு விக்கிற கடையில அது இன்னும் சுத்துது. குரல் நடுவுல நிக்காம அலையும். மோனோன்னு போட்டிருக்குறத எடுங்க.

அப்ப யாரு எத எடுக்குறது

ஜாஸே புதுசு, குரல்தான் வேணும், வார்த்தை புரியணும், ஹெட்போன் இருக்குன்னா ஜூலி. யோசிக்கவே வேண்டாம். வீட்ல நாலு பேரு இருக்கப்ப போடணும், யாரும் "என்னது தாலாட்டா"ன்னு கேக்கக் கூடாதுன்னா பெக்கி லீ. வாத்தியம் கேட்டு வளந்த காது, கச்சேரியில பாட்ட விட வயலின்காரர் திருப்பி வாசிக்கிற இடத்துக்குக் காத்திருக்குற ஆளுன்னா நேரா ஹெலன் மெரில், நடுவுல மத்த ரெண்டையும் தாண்டிப் போகலாம். எனக்கு ஒண்ணுதான் வச்சுக்கலாம்னு சொன்னா ஹெலனைத்தான் வச்சுப்பேன், ஆனா அடுத்தவங்களுக்கு முதல் ஆல்பமா கொடுக்குறது எப்பவும் ஜூலிதான். ரெண்டும் வேற வேற கேள்வி.

பலரும் சொல்ற இன்னும் ரெண்டு பேர் இருக்கு, முதல் ஆல்பமா மட்டும் வேண்டாம். ஒண்ணு பில்லி ஹாலிடேயோட 'லேடி இன் சாட்டின்', 1958. குரல் உடைஞ்சுபோன நேரத்துல பெரிய ஸ்ட்ரிங்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவோட பாடினது, அடுத்த வருஷம் 44 வயசுல போயிட்டாங்க. அவங்க முன்னாடி எப்படிப் பாடினாங்கன்னு கேட்டவங்களுக்குத்தான் இதோட கனம் தெரியும், தெரியாம கேட்டா வெறும் கரகரப்பு. இன்னொண்ணு ஜூன் கிறிஸ்டிங்கிற பாடகியோட 'சம்திங் கூல்'. டைட்டில் பாட்டு ஒரு சிறுகதைதான், பார்ல ஒருத்தர் வாங்கிக் கொடுத்த டிரிங்க்க வச்சுக்கிட்டு தன் பழைய பெருமையெல்லாம் சொல்ற ஒரு பொம்பள, சொல்லச் சொல்ல அதுல எது நிஜம்னு நமக்கே சந்தேகம் வரும். ஆனா அதே ஆல்பத்த 1960ல ஸ்டீரியோவுக்காக முழுசா மறுபடி பாடினாங்க, பேரும் அதே, படமும் கிட்டத்தட்ட அதே. பழைய மோனோ கவர்ல கண்ண மூடியிருப்பாங்க, ஸ்டீரியோவுல திறந்திருப்பாங்க. கண்ணு மூடினத வாங்குங்க.

ஜூலி பிடிச்சுப்போனா அடுத்தது 1958ல வந்த ரெண்டாவது வால்யூம், அதே மாதிரி கிதாரும் பாஸும்தான், ஆனா கிதார் ஹோவர்ட் ராபர்ட்ஸ், பாஸ் ரெட் மிட்செல், கெஸ்ஸல எதிர்பாக்காதீங்க. ஹெலன் பிடிச்சுப்போனா அடுத்தது பாடகி சாரா வானும் கிளிஃபோர்ட் பிரவுனும் சேந்தது, அதே எம்ஆர்சி, அதே 1954 டிசம்பர், ஹெலனோடத எடுக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெக்கார்ட் ஆனது. பியானோ அதே ஜிம்மி ஜோன்ஸ்தான், ஆனா சாரா தொண்டைய தொறந்து பாடுறவங்க, பிரவுன் அங்க வேற மாதிரி வாசிக்கிறார்.